போணி ஆகட்டும்

ஒருத்தர் வாங்கட்டும். ஒரே ஒருத்தர் வாங்கிட்டாப் போதும். பெட்ஷீட்டே வாங்கணும்னு இல்ல, ஒரு துண்டு, ஒரு தலகாணி உறை, என்னத்தையாவது வாங்கி அவ கையில காசக் குடுத்துட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் நான் ரோட்டத் தாண்டிப் போறேன். எனக்கு என்ன அவசரம். பூட்டிட்டு வந்த வீடு பூட்டுனபடியே கெடக்கப் போகுது. இந்தப் பாத்திரக் கடைக்காரன் இன்னும் ஷட்டரத் தூக்கல, படியில நெழல் இருக்கு, ஆடிக் காத்து தெப்பக்குளத்துப் பாசி வாடையோட வந்து முந்தானையப் பிடிச்சு இழுக்குது, பக்கத்து டீக்கடையில வடைக்கு எண்ணெய் காயுது. உக்காரலாம். எதிர்ச்சாரியில சவரியம்மா குளத்துக் கம்பி வேலியில பெட்ஷீட்டா எடுத்துக் கட்டித் தொங்க விட்டுக்கிட்டு இருக்கா. மயில் போட்டது, ரோசாப்பூ போட்டது, கட்டம் போட்டது. போன தடவை நான் வந்தப்ப எல்லாத்துலயும் பட்டாம்பூச்சியா இருந்துச்சு, இப்ப பட்டாம்பூச்சியக் காணோம். அது போன ஆடி இல்ல, அதுக்கு முந்தின ஆடி. போன ஆடியில எங்க வீட்டு வாசல்ல சாமியானா போட்டிருந்துச்சு. இவரு போயிட்டாரு. காப்பியக் குடுத்துட்டு உள்ள போனேன், தோசையத் திருப்பிட்டு வந்து பாத்தா டம்ளர் கையில இருக்கு, ஆளு இல்ல. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் இந்தத் தெருவுக்கு வர்றேன். வந்தவ வந்த வேலையப் பாக்காம படியில உக்காந்திருக்கேன்.

போணி ஆகாத கடைக்கு நான் போகக் கூடாது, அதான் விஷயம். காலையில மொத யாவாரம் எந்தக் கையால ஆகுதோ, அன்னிக்குப் பொழுதும் அந்தக் கை மாதிரின்னு இந்தத் தெருவுல ஊக்கு விக்கிறவன்லேருந்து பூ விக்கிறவ வரைக்கும் நம்புவாங்க. மொத ஆளு வெலை கேட்டுட்டு வாங்காமப் போனா மூஞ்சி சுண்டிப் போயிரும், அதுக்குப் பயந்துக்கிட்டே அடிமாட்டு வெலைக்குக் கேட்டாலும் குடுத்துருவாங்க. இது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதானே அந்தக் காலத்துல கடை விரிக்கிற நேரத்துக்கே பொன்மலையிலேருந்து பஸ் ஏறி வந்து நின்னேன். மத்தவளுக எல்லாம் சாயங்காலமா அலங்காரம் பண்ணிக்கிட்டு, ஆடித் தள்ளுபடின்னு மாடி மாடியா லைட்டு போட்ட கடைக்குப் போயி வரிசையில நிப்பாளுக. அங்க முந்தின வாரம் ஏத்துன வெலைய இந்த வாரம் எறக்குவாங்க, இவளுகளும் பாதி வெலைடின்னு பல்லக் காட்டிக்கிட்டு வருவாளுக. நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டேன், காலையில ஒரு மணி நேரம் என்கூட வாங்கடி, தள்ளுபடின்னா என்னன்னு நான் காட்டுறேன்னு சொல்லுவேன். ஆனா அதுல ஒரு விசேசம் இருந்துச்சு. நான் அடிச்சுப் பேசி, சண்டை போட்டு, கடைக்காரி வயித்தெரிச்சலோட குடுத்து வாங்கிட்டுப் போன அன்னிக்கெல்லாம் அவங்களுக்கு யாவாரம் பிச்சுக்கிட்டுப் போகுமாம். என்ன கணக்கோ. வளையக்காரன் சொன்னான், செருப்புக்காரன் சொன்னான், அப்புறம் தெருவே சொன்னுச்சு. நான் மெயின்கார்டு கேட்டுக்கிட்ட வரும்போதே கைராசிக்கா வந்துருச்சு, என் கடைக்கு வா, என் கடைக்கு வான்னு கூப்பாடு. பிள்ளையாரப் பாக்க மலைக்கோட்டைப் படி ஏறலாம்னு வந்தா விட மாட்டாங்க, எங்க கடையில ஒரு ஊக்காவது வாங்கிட்டுப் போன்னு மறிப்பாங்க. ஒரு ஊக்கு அட்டைய வாங்கி அதுக்கும் நாலணா குறைச்சுத்தான் குடுத்திருக்கேன். சொன்னா சிரிப்பா இருக்கு. கிரீடமா வச்சாங்க? இல்ல. ஆனா தலையில இருந்துச்சு.

அந்தா ஒரு பையன் நிக்கிறான். முதுகுல பை, ஹாஸ்டல் பையன் மாதிரி இருக்கான், நீலக் கட்டம் போட்ட பெட்ஷீட்டத் தொட்டுப் பாக்குறான். வாங்குடா தம்பி. நல்ல சாயம், துவைச்சாலும் போகாது, எங்க வீட்டுல அதே கட்டத்துல ஒண்ணு கெடந்துச்சு. சவரியம்மா என்னமோ சொல்றா, கையக் காட்டுறா. பையன் தலையச் சொறிஞ்சுக்கிட்டே போறான். வாங்கல. சரி, வெலை ஜாஸ்தி சொல்லியிருப்பா, அவளுக்கு வேற என்ன தெரியும், மொதல்ல வாயத் தொறந்தா ஆகாசத்துல நிப்பா. நான் மொதமொதல்ல அவகிட்ட வாங்குனது எங்க மவ சுகந்தி சடங்குக்கு முந்தி. அப்ப சவரியம்மா ஒல்லியா, கம்பு மாதிரி இருப்பா. புருசன் லாரி கிளீனரு, ரோட்டுல போயிச் சேந்துட்டான், மவன் மூணாப்பு படிச்சானாம், அப்ப ஆரம்பிச்ச கடை. ஈரோட்டுலேருந்து மூட்டை வரும். கழுத்துல சிலுவை போட்ட கறுப்புக் கயிறு, வாயில எந்நேரமும் வெத்தலை. மாதா சத்தியமா இதான் அசலும்பா. நான் உங்க மாதாவ ஏண்டி இதுக்குள்ள இழுக்குற, அது வெலை பேசவா வந்துச்சும்பேன். அப்படியே ஆரம்பிச்சு ரெண்டு பேரும் தொண்டை கட்டுற வரைக்கும் பேசுவோம். கடைசில நான் கேட்ட வெலைக்கு ரெண்டு ரூவா மேல, அவ சொன்ன வெலைக்குப் பாதிக்கும் கீழ. காச வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு, தொங்குற பெட்ஷீட்டு மேல எல்லாம் ஒரு தடவை அந்தக் காசால தட்டுவா, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும், குழந்தைய எழுப்புற மாதிரி.

இவரு வந்தாருன்னா இந்தச் சாரியிலதான் நிப்பாரு. இந்தா, இதே படி. பொன்மலை ஒர்க்ஷாப்புல ஃபிட்டரு, எவ்வளவு பெரிய இரும்பையும் தட்டி நிமுத்துற மனுசன், பொண்டாட்டி வெலை பேசுறதப் பக்கத்துல நின்னு பாக்கத் தைரியம் கெடையாது. ஏன் கமலவேணி அந்தப் பொம்பளை கேக்குறதக் குடுத்துட்டு வரக் கூடாதாம்பாரு. குடுத்துட்டு வரலாம், அப்புறம் மாசக் கடைசில நீங்க எதத் தின்பீங்கம்பேன். பாவம், எலுமிச்சம்பழ சோடா ஒண்ணு வாங்கிக் கையில வச்சுக்கிட்டு, என்னையத் தெரியாத ஆளு மாதிரி மலைக்கோட்டையையே பாத்துக்கிட்டு நிப்பாரு. ஆனா வெலை பேசுறதுல என்னோட பெரிய ஆயுதமே அவருதான். அது அவருக்குத் தெரியாது. எல்லாம் பேசி முடிச்சு, அவளும் எறங்க மாட்டேங்குறா, நானும் ஏற மாட்டேங்குறேன், முட்டிக்கிட்டு நிக்கும்போது நான் கொரலத் தாழ்த்தி, அங்க பாரு எங்க வீட்டுக்காரரு நிக்கிறாரு, இதுக்கு மேல ஒரு பைசா குடுத்தேன்னு தெரிஞ்சா திட்டித் தீத்துருவாருன்னு சொல்லுவேன். முகத்தையும் அதுக்குத் தக்கன வச்சுக்குவேன். சவரியம்மா எட்டி அவரப் பாப்பா. அவரு சோடாவக் குடிச்சுக்கிட்டே, தன்னையப் பாக்குறாளேன்னு ஒரு சிரிப்பு சிரிப்பாரு, அந்தச் சிரிப்புலயே என் பொய்யி கிழிஞ்சு தொங்கும். அவரு தங்கமான மனுசன், உன் கஞ்சத்தனத்துக்கு அவரையா சாக்கு சொல்றன்னு சவரியம்மா கத்துவா. கத்திக்கிட்டே குறைப்பா. ஒவ்வொரு தடவையும் இதே பேச்சு, ஒரு எழுத்து மாறாது. இப்ப யாரச் சொல்லுவேன்? யாரு திட்டுவாருன்னு சொல்லுவேன்? இவரு என்னையத் திட்டுனதே கெடையாது. ஒரே ஒரு தடவை திட்டினாரு, கேஸ் அடுப்ப அணைக்காம சினிமாவுக்குப் போனதுக்கு. அந்தத் திட்டு கூட இப்ப வேணும் போல இருக்கு. வேணாம், இங்க உக்காந்து அழுதா டீக்கடையில நிக்கிறவன் எல்லாம் பாப்பான். வடை வாசனையப் பிடிச்சுக்க. உளுந்த வடை. மெளகு போட்டிருக்கான்.

ஒருத்தி வந்திருக்கா, ரெண்டு புள்ளைங்களக் கையில பிடிச்சுக்கிட்டு. துண்டப் பொரட்டுறா. பூத்துவாலைத் துண்டு, பச்சையில ஒண்ணு எடுத்துட்டா. வாங்கும்மா மகராசி. காசு கூட எடுத்துட்டா. சவரியம்மா தலைய ஆட்டுறா. இவ என்னமோ கேக்குறா. திரும்பவும் தலைய ஆட்டுறா. துண்ட வச்சுட்டு, புள்ளைங்கள இழுத்துக்கிட்டு அடுத்த கடைக்குப் போயிட்டா. என்ன இது? கையில எடுத்த துண்டு, காசும் கையில, அது ஏன் முடியல? ரெண்டு பேரு வந்து ரெண்டு பேரும் வாங்காமப் போயிட்டாங்க. நான் நெழல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன். பாக்குறதே காரணமோ? கடைக்குப் போகாட்டி என்ன, கண்ணு போகுதுல்ல. ச்சே, என்ன புத்தி இது. எனக்கு இந்த மாதிரி புத்தி இருந்ததே இல்ல. தாலி அறுத்தவ எதிர்ல வந்தான்னு எங்க மாமியா திரும்பி வீட்டுக்குள்ள வந்து ஒரு மொடக்குத் தண்ணி குடிச்சுட்டுப் போவாங்க, நான் அப்பவே சிரிப்பேன், பஸ்ஸப் பிடிக்கிற வழியப் பாருங்கம்பேன். மத்தவங்களுக்குச் சிரிச்சேன். எனக்குன்னு வந்தப்ப சிரிப்பு வரல. பெரியண்ணன் அத எனக்குக் கத்துக் குடுத்துட்டான்.

பெரியண்ணன்ங்கிறது பேரு, பொன்மலை ஞாயித்துக்கெழமைச் சந்தையில தக்காளி விக்கிறவன். நல்லவன், அதுல சந்தேகமே இல்ல. கெட்டவனா இருந்தா நாலு வார்த்தை கேட்டுட்டு வந்திருப்பேன். காரியம் எல்லாம் முடிஞ்சு, சுகந்தியும் மாப்பிள்ளையும் ஓசூருக்குப் போனப்பறம், நான் பையத் தூக்கிக்கிட்டுச் சந்தைக்குப் போனேன். அதே மாதிரி விடிகாலை. தூரத்துலேருந்தே கைராசிக்கான்னு கூப்பிடுறவன் அன்னிக்கு என்னையப் பாத்துட்டுக் குனிஞ்சுக்கிட்டான். தக்காளிய அடுக்குனான். அடுக்குனதையே திரும்ப அடுக்குனான். நான் எதுக்க நிக்கிறேன், என்ன வெலைன்னு கேக்குறேன், இரு அக்கா, இரு அக்காங்கிறான். ஒரு ஆளு வந்து ரெண்டு கிலோ வாங்குனான், காச வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டான், அப்புறம்தான் நிமிந்து என் முகத்தப் பாத்தான். அது கூடப் பரவால்ல. நான் வெலை கேட்டதுக்கு, உனக்கு என்னக்கா வெலை, குடுக்குறதக் குடுன்னுட்டான். ஒரு கிலோ கேட்டதுக்கு ஒண்ணரை கிலோவுக்கு நிறுத்துப் போட்டான், கைநிறைய கறிவேப்பிலைய அள்ளிப் போட்டான், நான் குடுத்த நோட்ட எண்ணாமப் பொட்டியில போட்டான். வாழ்நாள் பூரா நாலணாவுக்குச் சண்டை போட்டவளுக்கு ஒருத்தன் கேக்காமலே குறைச்சுக் குடுக்குறான். நடந்து வீட்டுக்கு வந்தேன். கறிவேப்பிலை வாசம் வழி பூரா வந்துச்சு. அந்தத் தக்காளிய ரசம் வச்சேன், வாயில வைக்க முடியல. அதுலேருந்து கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குத்தான் போறேன். வண்டியத் தள்ளிக்கிட்டுப் போகணும், எடுத்துப் போட்டுக்கணும், எல்லாத்துலயும் வெலை ஒட்டியிருக்கு, பேச ஒண்ணுமில்ல. பில்லு போடுற பொண்ணு பை வேணுமான்னு கேக்கும், அவ்வளவுதான். பஸ்ல ஏறுனாலும் பொம்பளைங்களுக்குக் காசு இல்ல, கண்டக்டர்கிட்ட சில்லறைக்குச் சண்டை போடக் கூட வழியில்ல. ஒரு நாள் பூரா யார்கிட்டயும் ஒரு வார்த்தை கூடக் குறைச்சுக் கேக்காம படுத்துத் தூங்கிருக்கேன். அது உடம்புக்கே ஆகல.

படுக்கைன்னதும் ஞாபகம் வருது, அதுக்குத்தானே வந்தேன். பெட்ஷீட்டு கிழிஞ்சு போச்சு. சவரியம்மாகிட்ட வாங்குனதுதான், பட்டாம்பூச்சி போட்டது, டபுள் கட்டிலுக்கு. பீரோவுல கெடந்தத அவரு போனப்பறம்தான் எடுத்து விரிச்சேன். என் பக்கம் மட்டும் நைஞ்சு, இடுப்பு படுற எடத்துல பிச்சுக்கிச்சு. அவரு பக்கம் அப்படியே புதுசு. பட்டாம்பூச்சி எல்லாம் கடையில இருந்த மேனிக்கு இருக்கு. நான் செவுத்தோரமா என் பக்கத்துலயேதான் படுக்கிறேன், பொரண்டு கூட அந்தப் பக்கம் போறதில்ல, ஏன்னு கேட்டா என்ன சொல்ல. சுகந்திகிட்ட போன்ல சொன்னேன், பெட்ஷீட்டு கிழிஞ்சிருச்சுடின்னு. அதுக்கென்னம்மா, நான் இங்கேருந்தே ஆர்டர் போட்டுர்றேன், தள்ளுபடி ஓடுது, ரெண்டு நாள்ல வீட்டுக்கே வந்துரும்னா. நல்ல பொண்ணு. அப்புறம் கேட்டா, சிங்கிளா போடவா, டபுளா போடவாம்மா. வேற ஒண்ணும் நெனச்சுக் கேக்கல அவ, அளவு தெரியணும்ல. நான் திரும்பிக் கட்டிலப் பாத்தேன். அவளுக்கும் புரிஞ்சிருச்சு போல. போன்ல ரெண்டு பக்கமும் மூச்சு மட்டும். நானே போயி வாங்கிக்கிறேன்டின்னு வச்சுட்டேன். இப்ப சவரியம்மா கேப்பா. கேக்காம எப்படிக் குடுப்பா, பெட்ஷீட்டு விக்கிறவ வாயில மொத வார்த்தையே அதுதான். சிங்கிளாக்கா, டபுளாக்கா. நான் சிங்கிள்னு சொல்லணும். கட்டிலுக்கு டபுள்தான் வேணும், ஆனா ஒத்த ஆளுக்கு டபுள் எதுக்குன்னு நெனைப்பா. சிங்கிள்னு சொன்னா அவ முகம் ஒரு மாதிரி ஆகும். அப்புறம் பெரியண்ணன் மாதிரி, உனக்கு என்னக்கா வெலை, குடுக்குறதக் குடுன்னுருவா. அத மட்டும் அவ வாயால கேட்டேன்னா செத்தேன். கிழிஞ்சதையே மடக்கித் தச்சுப் போட்டுக்கலாம். வீட்டுக்குப் போயிருவோமா? வந்ததுக்குப் பிள்ளையாரு கோயில் வாசல்ல ஒரு கும்பிடு போட்டுட்டு பஸ் ஏறிருவோமா?

இரு, இரு. ஒரு ஜோடி வருது. புதுசாக் கட்டுனவங்க. மஞ்சக் கயித்துல மஞ்ச கூட இன்னும் மங்கல, ஆடிக்குப் பொறந்த வீட்டுக்கு அழைச்சுட்டு வந்திருப்பாங்க, மாப்பிள்ளை திருட்டுத்தனமாப் பாக்க வந்திருப்பான், ரெண்டும் ஒண்ணையொண்ணு இடிச்சுக்கிட்டே நடக்குதுங்க. இதவிட நல்ல போணி எந்தக் கடைக்குக் கெடைக்கும். எடு கண்ணு, அந்த மயில எடு. எடுத்துட்டா. விரிச்சுப் பாக்குதுங்க, ஆளுக்கு ஒரு முனையப் பிடிச்சுக்கிட்டு, காத்து நடுவுல பூந்து அத மேல தூக்குது, அந்தப் பொண்ணு சிரிக்கிறா. அப்பாடா. மடிச்சு பைல போடச் சொல்றான். நான் எந்திரிச்சு முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டேன், பைய அக்குள்ல வச்சுக்கிட்டேன், அது ஆனதும் போயிரலாம்னு. சவரியம்மா மயில வாங்கி மடிச்சா. மடிச்சுத் தன் மடியில வச்சுக்கிட்டா. அவங்ககிட்ட என்னமோ சொன்னா. மாப்பிள்ளை கைக்கடியாரத்தப் பாத்தான். ரெண்டும் நகந்து போயிருச்சுங்க. வாங்கல. மஞ்சக் கயித்தோட வந்தவ கையால கூட போணி ஆகலன்னா அப்ப இது வெலை இல்ல, சாயம் இல்ல. இது நான்தான். எதிர்ல உக்காந்துக்கிட்டு அவ பொழப்பக் கெடுத்துக்கிட்டு இருக்கேன். போயிரணும். அவ என்னையப் பாக்குறதுக்கு முன்னாடி போயிரணும். பாத்திரக் கடைக்காரன் அப்பன்னு பாத்து ஷட்டரத் தடதடன்னு தூக்குறான், நான் படியிலேருந்து எறங்கித் தலையக் குனிஞ்சுக்கிட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்குறேன். பின்னாடி அவ கொரலு. வெத்தலை போட்டுத் தடிச்ச அந்தக் கொரல எந்தச் சந்தடியிலயும் எனக்குத் தெரியும்.

"ஏ பொன்மலக்கா, எங்க போற? வந்தவுங்களை எல்லாம் எத்தனை நேரம் நான் திருப்பி அனுப்புறது?"

நின்னேன். ஒரு ஆட்டோக்காரன் ஆரன அடிச்சுக்கிட்டே இருக்கான், நான் நடு ரோட்டுல நிக்கிறேன் போல. எப்படித் தாண்டுனேன்னு தெரியல, கம்பி வேலிக்கிட்ட நிக்கிறேன், பெட்ஷீட்டுக் கஞ்சி வாடை முகத்துல அடிக்குது. சவரியம்மா பெருத்துட்டா, முன்நெத்தி முடியெல்லாம் வெள்ளையாயிருச்சு. அவ பாட்டுக்குப் பொரிஞ்சு தள்ளுறா. மூட்டைய அவுக்கும்போதே பாத்துட்டாளாம் நான் படியில உக்காந்தத. ரெண்டு வருசமா எந்த ஆஸ்பத்திரியில கெடந்தியோன்னு நெனச்சேங்கிறா, செருப்புக்காரன் வந்து சேதி சொன்னதுக்கப்புறம் உன் வீடு எந்தத் தெருன்னு கூடத் தெரியலயே, பொன்மலைன்னா எந்தப் பொன்மலைங்கிறா. இன்னிக்குப் போணி எனக்குன்னு எடுத்து வச்சுட்டாளாம். ஹாஸ்டல் பையன்கிட்ட அப்புறம் வான்னாளாம், துண்டு எடுத்தவகிட்ட போணிக்கு ஆளு வந்திருக்கு, எதிர்ல உக்காந்திருக்குன்னாளாம், அந்தப் புதுப் பொண்ணுகிட்ட மலைக்கோட்டை ஏறி சாமி கும்பிட்டுட்டு வா, மயில உனக்குன்னு மடியில வச்சிருக்கேன்னாளாம். இவ என்னமோ நான் இளைப்பாறிட்டு வருவேன்னு காத்திருக்கா. நான் இவளுக்கு யாராச்சும் போணி பண்ணட்டும்னு காத்திருக்கேன். சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. வேணாம் சவரின்னேன். வேற யார் கையாலயாவது ஆகட்டும், என் கை இப்ப அந்தக் கை இல்லன்னு சொல்லிக் கைய முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டேன். அவ வெத்தலையத் துப்பிட்டு வந்தா. முகத்துல கோவம். நெசமான கோவம்.

"தெனம் காலையில இந்த மூட்டைய அவுக்கிறது எந்தக் கைக்கா? என் புள்ள மூணாப்பு படிச்சப்பலேருந்து இந்தக் கைதானே அவுக்குது? நீ இத்தனை நாளும் இந்தக் கையிலதானே காசு வச்ச?"

கைய என் மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டு நிக்கிறா. வெத்தலைக் கறை பிடிச்ச வெரலு, கஞ்சி போட்ட துணியா மடிச்சு மடிச்சுக் காப்புக் காச்சிப் போன உள்ளங்கை. சுகந்தி சடங்குக்கு முந்திலேருந்து பாக்குறேன் இந்தக் கைய. இவளும் புருசன் இல்லாதவதான்னு எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சும் ஒரு நாள் கூட அப்படி நெனச்சதில்ல. கடையத் தொறக்குறதே அந்தக் கைதான், அப்புறம் என் கை மட்டும் எங்கேருந்து ராசி கெட்டுப் போகும்? பெரியண்ணன் தக்காளிய அடுக்குன அன்னிக்கு இது ஏன் எனக்குத் தோணல? புத்தியக் கழட்டி எங்க வச்சிருந்தேன்? அவ கைய எடுத்துட்டா. ஒரு பெட்ஷீட்ட உருவி என் தோள் மேல போட்டா, காவி நெறத்துல கொடி ஓடுது, ஓரத்துல சின்னச் சின்னக் கிளி. அவ கேக்கவே இல்ல. அகலத்தப் பாத்தேன், டபுள். சிங்கிள்னு சொல்ல வாயத் தொறந்தேன். அந்தக் கட்டில்ல அவரு பக்கம் ஒண்ணு இருக்கு, என் பக்கம் ஒண்ணு இருக்கு, நடுவுல ஒரு எடம் இருக்கு, அதுல இது வரைக்கும் யாரும் படுத்ததே இல்லன்னு ஏனோ அப்பத் தோணுச்சு. இதே இருக்கட்டும்னேன். எவ்வளவுன்னேன். குடுக்குறதக் குடுன்னு மட்டும் சொல்லிராத தாயி. உன் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துறேன், சொல்லிராத. சவரியம்மா என்னைய ஏற எறங்கப் பாத்தா. எண்ணூறுங்கிறா.

எண்ணூறு. பட்டப்பகல்ல, குளத்தங்கரையில, பிள்ளையாரு மேலேருந்து பாத்துக்கிட்டு இருக்காரு, எண்ணூறுங்கிறா. இருநூத்தம்பதுக்கு மேல பெறாது அது, மூட்டையில வர்ற வெலை எனக்குத் தெரியாதா. மனுசியக் கொள்ளையடிக்கிறதுன்னா இதான். எனக்கு அப்படியே காலு தரையில பாவுது. மூச்சு முழுசா உள்ள போகுது. ஏண்டி, தங்க ஜரிகையா ஓட்டியிருக்க இதுல, எரநூறுன்னேன். எரநூறுக்கு ஒரு முனைய வெட்டித் தாறேன் மூஞ்சி தொடைச்சுக்கன்னா. சாயம் போகும்னேன். உன் சாயம்தான் போகும்னா. நூலு மெல்லிசு, வெளிச்சம் தெரியுதுன்னு வெயிலுக்கு நேரா பிடிச்சுக் காட்டினேன், கிளியெல்லாம் என் முகத்துல விழுந்துச்சு. மாதா சத்தியமா ஈரோட்டுலயே அறுநூறுன்னா. ஏண்டி அந்தம்மாவ இழுக்குறன்னேன். வளையக்காரன் எட்டிப் பாக்குறான், டீக்கடையிலேருந்து ரெண்டு பேரு டம்ளரோட வந்து நிக்கிறாங்க. அவ அறுநூத்துக்கு வந்தா, அஞ்சூறுக்கு வந்தா, நானூத்தி எண்பதுல வந்து எருமை மாதிரி நின்னுட்டா. நான் முன்னூத்துலேருந்து நகரல. வேற வழியே இல்லாம முட்டிக்கிட்டு நிக்கிறோம், என் கொரலு தன்னால தாழுது, முகம் தன்னால அப்படி ஆகுது, வாய் அது பாட்டுக்குச் சொல்லிருச்சு. இதுக்கு மேல குடுத்தா எங்க வீட்டுக்காரரு திட்டுவாரு சவரி. சொன்னப்பறம்தான் காதுல விழுந்துச்சு. வளையக்காரன் குனிஞ்சுக்கிட்டான். ஒரு பெட்ஷீட்டு காத்துல பட்டுபட்டுன்னு அடிச்சுக்குது. நான் எங்க பாக்குறதுன்னு தெரியாம கையிலிருக்குற கிளியையே பாக்குறேன். சவரியம்மா தலைய நிமுத்தி ரோட்டுக்கு அந்தப் பக்கம், பாத்திரக் கடைப் படியப் பாத்தா. நல்லா எட்டிப் பாத்தா. அப்புறம் எப்பவும் கத்துற மாதிரியே கத்துனா.

"அவரு தங்கமான மனுசன். உன் கஞ்சத்தனத்துக்கு அவரையா சாக்கு சொல்ற?"

கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வருது, சிரிப்பும் வருது, ரெண்டுல எதையும் அவளுக்குக் காட்டிறக் கூடாது, காட்டுனா வெலை போச்சு. முன்னூத்தி இருவது, இஷ்டமிருந்தா குடு, இல்லாட்டி உன் பெட்ஷீட்ட நீயே போத்திக்கன்னு அவ மடியில போட்டுட்டுத் திரும்புனேன். நடக்குறேன். மெதுவா நடக்குறேன், காது முழுக்கப் பின்னாடி இருக்கு. கூப்பிடுவா. கூப்பிடணும். செருப்புக் கடையத் தாண்டிட்டேன், வளையக் கடையத் தாண்டிட்டேன், எலுமிச்சம்பழ சோடா விக்கிறவன் பாட்டிலக் கழுவிக்கிட்டு இருக்கான், தண்ணி காலுல தெறிக்குது. போணிக் காசக் கண்ணுல ஒத்திக்கிட்டு ஒவ்வொரு பெட்ஷீட்டாத் தட்டுவாளே, அதப் பாக்கணும் எனக்கு. வீட்டுக்குப் போனதும் கட்டில்ல அதை விரிச்சு நட்டநடுவுல படுத்துப் பாக்கணும், கையையும் காலையும் ரெண்டு பக்கமும் போட்டுக்கிட்டு. சுகந்திகிட்ட சொல்லணும், வந்த வெலைய ஒரு ஐம்பது ரூவா குறைச்சுத்தான் சொல்லணும். இந்த ஞாயித்துக்கெழமை பெரியண்ணன்கிட்டயும் போகணும், விடிகாலையிலயே போயி எதுக்க நின்னு, அந்தத் தக்காளிய அடுக்குனது போதும், வெலையச் சொல்லுடான்னு கேக்கணும். ஏன் இன்னும் கூப்பிடல? அந்தா. இந்தா வாக்கா, வந்து தொலை, எடுத்துட்டுப் போங்கிறா. கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. உடனே திரும்புனா முன்னூத்தி அம்பதுல நிப்பா. நான் கேக்காத மாதிரி இன்னும் கொஞ்சம் நடந்தேன்.